கொய்னாப் பட்டையிலிருந்து மெட்போர்மின் வரை: காய்ச்சலும் சீனியும்

எங்கட சமூகத்தில வருத்தங்களுக்கும் ஒரு வர்க்க அடையாளம் இருக்கு. மலேரியா என்றால் அது அந்தக் காலத்து வருத்தம், காட்டுப் பக்கத்து வருத்தம், இல்லாதவர்களின் வருத்தம். சீனி வருத்தம் என்றால் அதற்கு வேறு முகம். வசதி வந்தது, வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டார்கள், வேலை செய்யாமல் இருந்தார்கள், அதனால் வந்தது. ஒன்று பரிதாபத்துக்குரியது, மற்றது கொஞ்சம் கண்டிப்புக்குரியது. கிளினிக்கில் வரிசையில் நிற்கிற ஒருவருக்கு விழுகிற முதல் பேச்சே “சோறைக் குறையுங்கோ, நடவுங்கோ” என்பதாகத்தான் இருக்கும்.

பாடப்புத்தகங்களும் இந்த இரண்டையும் சந்திக்க விடுவதில்லை. மலேரியா தொற்றுநோய் அத்தியாயத்தில் இருக்கும். நீரிழிவு தொற்றா நோய் அத்தியாயத்தில் இருக்கும். முதலாவதை ஒழித்துவிட்டோம், இரண்டாவது இப்போது வந்திருக்கிறது, இதுதான் வளர்ச்சி என்பது போல ஒரு கதை. வரலாறு படிக்கிற ஆளாக எனக்கு இந்தக் கதையில் ஒரு சந்தேகம் உண்டு. ஒரு வருத்தம் மேடையை விட்டு இறங்க மற்றது ஏறினது என்பது மிகவும் நேர்த்தியாக இருக்கிறது. உண்மையில் இரண்டும் நீண்ட காலம் ஒரே வீட்டில், சில வேளைகளில் ஒரே உடம்பில் குடியிருந்தவை. இதைச் சொல்வதற்கு நல்ல தொடக்கம் ஒரு குளிசை.

மெட்போர்மின். உங்கட வீட்டில் யாருக்காவது சீனி இருந்தால் அந்தப் பெயர் தெரிந்திருக்கும். சாப்பாட்டோடு போடுகிற வெள்ளைக் குளிசை, சிலருக்கு வயிற்றைக் குழப்பும். உலகத்தில் இரண்டாம் வகை நீரிழிவுக்கு மிக அதிகமாகக் கொடுக்கப்படுகிற மருந்துகளில் ஒன்று. அந்தக் குளிசை எங்கட கைக்கு வந்து சேர்ந்த பாதை மலேரியாவுக்கு ஊடாகப் போகிறது. அந்தப் பாதையின் ஒரு துண்டு எங்கட மலையகத்தையும் தொட்டுச் செல்கிறது.

மலேரியாவுக்கு நெடுங்காலம் ஒரே ஒரு நம்பகமான மருந்துதான் இருந்தது. தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைகளில் வளர்கிற சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கிற குயினைன். எங்கட ஆக்கள் கொய்னா என்று சொன்னது இதைத்தான். பிரித்தானியருக்கு இந்தியாவிலும் இலங்கையிலும் ஆபிரிக்காவிலும் படையும் அதிகாரிகளும் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் கொய்னா வேண்டும். கிளெமன்ட்ஸ் மார்க்கம் என்பவரின் பயணம் மூலம் அந்தீஸிலிருந்து விதைகளும் கன்றுகளும் கடத்திக்கொண்டு வரப்பட்டன. “சேகரிக்கப்பட்டன” என்றுதான் பழைய நூல்கள் எழுதும். அந்த நாடுகள் தங்கட மரத்தை வெளியே விட விரும்பவில்லை என்பதால் கடத்தல் என்றே சொல்லலாம். 1861இல் நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஹக்கலையில் ஒரு தோட்டம் திறக்கப்பட்டது. இன்றைக்கு நாங்கள் சுற்றுலா போய் ரோசாப்பூவுக்கு முன்னால் நின்று படம் எடுக்கிற ஹக்கலைப் பூங்காதான். அது தொடங்கப்பட்டது பூவுக்காக இல்லை, சிங்கோனாக் கன்றுகளை வளர்த்துப் பார்க்கவே.

அடுத்த சில ஆண்டுகளில் கோப்பிக்கு இலை நோய் வந்தது. கோப்பித் தோட்டங்கள் அழிய அழியத் துரைமார் சிங்கோனாவுக்கு மாறினார்கள். லூல்கந்தூரவில் தேயிலையைத் தொடக்கியவர் என்று எல்லோருக்கும் தெரிந்த ஜேம்ஸ் டெய்லரும் சிங்கோனா நட்டவர்தான். 1880களின் நடுப்பகுதியில் இலங்கையிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 1.5 கோடி இறாத்தல் பட்டை ஏற்றுமதியானது. எல்லோரும் ஒரே நேரத்தில் நட்டதால் சந்தையில் பட்டை குவிந்து விலை விழுந்தது. பிறகு மரங்களைப் பிடுங்கித் தேயிலை வைத்தார்கள். கோப்பிக்கும் தேயிலைக்கும் இடையில் வந்துபோன இந்தச் சின்ன அத்தியாயத்தைப் பற்றி எங்கட பக்கத்தில் பெரிதாக யாரும் எழுதுவதில்லை.

அந்தப் பட்டையை உரித்த கைகள் யாருடையவை என்று சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டிலிருந்து மன்னாருக்கு வள்ளத்தில் வந்து இறங்கி, அங்கிருந்து வன்னிக் காட்டுக்கூடாக மாத்தளை வரை நடந்து போன ஆட்கள். அந்த வடபாதையில் கொலராவும் காய்ச்சலும் தண்ணீர் இல்லாமையும் எடுத்துக்கொண்ட உயிர்கள் ஏராளம். காய்ச்சல் காட்டைக் கடந்து உயிரோடு மேலே ஏறியவர்கள் அங்கே காய்ச்சலுக்கான மருந்து மரத்தை நட்டார்கள். பட்டை இலண்டனுக்குப் போனது.

இலங்கை விட்ட இடத்தைப் பிடித்தது டச்சுக்காரரின் ஜாவா. 1865இல் சார்ள்ஸ் லெட்ஜர் என்ற வியாபாரி மூலம் அவர்களுக்கு ஒரு விதைப்பொதி கிடைத்தது. அதைச் சேகரித்துக் கொடுத்தவர் மானுவல் இங்க்ரா மமானி என்ற பொலிவியப் பழங்குடி மனிதர். பிறகு இன்னொரு முறை விதை எடுக்கப் போனபோது பிடிபட்டு, சிறையில் அடிபட்டு, அதனாலேயே இறந்துபோனார். மரத்துக்கு வைக்கப்பட்ட அறிவியல் பெயர் லெட்ஜருடையது. அந்த இன மரத்தின் பட்டையில் குயினைன் மிக அதிகம். 1930களில் உலகக் குயினைனில் ஏறத்தாழ 90 வீதம் ஜாவாவிலிருந்து வந்தது.

1942இல் யப்பான் ஜாவாவைப் பிடித்தது. ஒரே நாளில் என்று சொல்ல முடியாவிட்டாலும் கிட்டத்தட்ட அப்படித்தான், நேச நாடுகளுக்குக் குயினைன் நின்றுபோனது. பர்மாவிலும் பசிபிக் தீவுகளிலும் குண்டு பட்டவர்களை விட மலேரியாவில் விழுந்த சிப்பாய்கள் அதிகம். அதனால் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் ஆய்வுகூடங்கள் செயற்கை மருந்தைத் தேடி ஓடின. பிரித்தானியாவின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் வேலை செய்தவர்கள் 1945இல் புரோகுவானில் என்ற மருந்தை வெளியிட்டார்கள். பலூட்ரின் என்ற பெயரில் விற்கப்பட்டது. இது பைகுவனைட் என்ற வேதியியல் குடும்பத்தைச் சேர்ந்தது. விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது இரத்தத்தில் சீனியைச் சற்றுக் குறைக்கிறது என்பதும் கவனிக்கப்பட்டது.

அதே குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு பிள்ளை பிறந்து, மறக்கப்பட்டுக் கிடந்தது. 1922இல் டப்ளினில் வெர்னர், பெல் என்ற இரு வேதியியலாளர்கள் செய்து வைத்த மெட்போர்மின். 1929இல் ஜேர்மனியில் அது விலங்குகளின் சீனியைக் குறைக்கிறது என்றும் காட்டியிருந்தார்கள். ஆனால் 1922 என்பது ரொறன்ரோவில் இன்சுலின் முதன்முதலில் ஒரு நோயாளிக்கு ஏற்றப்பட்ட ஆண்டும்கூட. இன்சுலின் வந்த மகிழ்ச்சியில் இந்தக் குளிசையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மலேரியா மருந்து தேடிய அந்த 1940கள்தான் இதை மீண்டும் வெளியே இழுத்தன. பிலிப்பைன்ஸில் யூசேபியோ கார்சியா என்ற வைத்தியர் இதைக் காய்ச்சல்காரர்களுக்கு, குறிப்பாக இன்புளுவென்சாவுக்குக் கொடுத்துப் பார்த்தார். சிலருக்குச் சீனி இறங்குவதையும் கண்டார். அதை வாசித்த பாரிஸ் வைத்தியர் ஜோன் ஸ்டேர்ன் நீரிழிவுக்காரர்களுக்குக் கொடுத்துச் சோதித்து 1957இல் வெளியிட்டார். அவர் வைத்த பெயர் குளுக்கோபேஜ், குளுக்கோசைத் தின்னி என்று பொருள். அமெரிக்கா இதை அனுமதித்தது 1994இல்தான். ஆகவே இன்றைக்கு அட்டனிலோ கிளிநொச்சியிலோ ஒரு அம்மா கிளினிக்கில் வாங்கிக்கொண்டு போகிற குளிசைப் பக்கற்றுக்கு, காலனியக் காய்ச்சல்களின் வரலாறு ஒன்று பின்னால் இருக்கிறது.

மருந்தின் கதை இவ்வளவு. உடம்பின் கதை இதைவிடக் கனமானது.

1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. வறட்சி என்றால் எங்களுக்கு உலர் வலயம்தான் ஞாபகம் வரும். ஆனால் அந்த முறை காய்ந்தது ஈர வலயத்து ஆறுகள். களனி கங்கை, மகா ஓயா, தெதுறு ஓயா எல்லாம் ஓட்டம் நின்று, மணலில் குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கியது. வெயில் படுகிற, அசையாத, தெளிந்த அந்தக் குட்டைகள்தான் மலேரியாவைக் காவுகிற அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்ற நுளம்புக்குப் பிடித்த இடம். வன்னியிலும் அனுராதபுரத்திலும் மலேரியா ஒவ்வொரு வருடமும் வரும், பிழைத்தவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருக்கும். கேகாலை, குருநாகல் பக்கத்து மக்களில் கனபேருக்கு அந்தப் பழக்கம் இல்லை. 1934 கடைசியில் தொடங்கி 1935இலும் நீடித்த அந்தக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். அப்போது தீவின் மொத்தச் சனத்தொகை 55 இலட்சம் அளவில்தான். 1935இல் பிறந்த ஒவ்வொரு 1,000 குழந்தைகளிலும் 263 குழந்தைகள் முதலாவது பிறந்தநாளைக் காணவில்லை.

நுளம்பு மட்டும் இதைச் செய்யவில்லை. உலகப் பொருளாதார மந்தத்தில் இறப்பரும் தேங்காயும் விலை விழுந்து, கூலி இல்லாமல், வயல் காய்ந்து, சனம் ஏற்கெனவே பட்டினியில் இருந்தது. அரசாங்கத்தின் வைத்தியப் பணிப்பாளர் பிரியர்கிளிப் எழுதிய அறிக்கை இருக்கிறது, இந்தியாவில் மலேரியா ஆய்வில் அனுபவம் பெற்ற கில் எழுதிய அறிக்கையும் இருக்கிறது. கணக்கும் வரைபடமும் அவற்றில் கிடைக்கும். பட்டினியின் பங்கை முகத்துக்கு நேரே சொன்னவர்கள் சூரியமல் இயக்கத்து இளைஞர்கள். முதலாம் உலகப் போர் நினைவுக்காக விற்கப்பட்ட பொப்பிப் பூவின் காசு பெரும்பாலும் பிரித்தானியாவுக்குப் போகிறது என்று சொல்லி, அதற்குப் பதிலாகப் பூவரசம் பூ விற்றவர்கள். கேகாலைப் பக்கக் கிராமங்களுக்கு நிவாரணத்தோடு போனபோது, குயினைன் மட்டும் கொடுத்தால் ஆட்கள் எழும்ப மாட்டார்கள் என்று கண்டார்கள். உடம்பில் ஒன்றும் இல்லை. அதனால் பருப்பும் மார்மைற்றும் கொண்டுபோனார்கள். பருப்புக் கொடுத்துக் கொடுத்தே என்.எம்.பெரேராவுக்குப் ‘பருப்பு மாத்தயா’ என்று பெயர் வந்தது. 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்ததற்கும், அடுத்த ஆண்டு அவர் ருவன்வெல்லையில் வென்று அரசாங்க சபைக்குப் போனதற்கும் பின்னால் அந்தப் பருப்பு இருக்கிறது. இடதுசாரி வரலாற்றை நாங்கள் வேலைநிறுத்தங்களில் இருந்துதான் தொடங்குவது வழக்கம். எனக்கென்றால் இந்தப் பருப்பில் இருந்து தொடங்குவது பிடிக்கும்.

சரி, இதில் சீனி எங்கே வருகிறது?

1980களில் டேவிட் பார்க்கர் என்ற ஆங்கில வைத்தியர் பழைய பிறப்புப் பதிவேடுகளைக் கிளறினார். ஹேர்ட்போர்ட்ஷயர் என்ற இடத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த குழந்தைகளின் நிறையை மருத்துவிச்சிகள் கொப்பிகளில் எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் குழந்தைகள் கிழவர்களான பிறகு யாருக்கு என்ன வருத்தம் என்று தேடிப் பார்த்தால், குறைந்த நிறையோடு பிறந்தவர்களுக்கு இருதய நோயும் நீரிழிவும் அதிகம். 1992இல் அவரும் ஹேல்ஸ் என்பவரும் சேர்ந்து ஒரு கருதுகோளை வைத்தார்கள். கருப்பையில் பட்டினி கிடக்கிற குழந்தையின் உடம்பு சிக்கனமாக வாழப் பழகுகிறது. மூளைக்குக் கொடுத்து, கணையத்திலும் தசையிலும் மிச்சம் பிடிக்கிறது. வாழ்நாள் முழுக்கப் பட்டினிதான் என்றால் அந்தச் சிக்கனம் காப்பாற்றும். பிறகு கொஞ்சம் சாப்பாடு கூடினாலே அந்த உடம்புக்குத் தாங்காது. 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் நாசிகள் உணவை மறித்தபோது கருவில் இருந்தவர்களிடமும், பயாபிராப் போர்ப் பட்டினிக் காலத்தில் நைஜீரியாவில் பிறந்தவர்களிடமும் பின்னாளில் சீனிக் குழப்பம் கூடுதலாக இருந்ததைப் பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. புனேயில் யாஜ்னிக் என்ற வைத்தியர் இந்தியக் குழந்தைகளை அளந்து பார்த்துச் சொன்னது இன்னும் எங்களுக்குக் கிட்ட: பிறக்கும்போது நிறை குறைவு, ஆனால் உடம்பில் கொழுப்பின் பங்கு அதிகம். பார்க்க மெலிவு, உள்ளே அப்படியில்லை.

கர்ப்பிணிகளுக்கு மலேரியா வந்தால் ஒட்டுண்ணி நஞ்சுக்கொடியில் போய்த் தங்கும். குழந்தைக்குப் போகிற சாப்பாடு குறையும். நிறை குறைந்த பிறப்புக்கு மலேரியா உள்ள நாடுகளில் இது ஒரு பெரிய காரணம் என்பது மருத்துவத்தில் நிறுவப்பட்ட விடயம். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த சில ஆய்வாளர்கள், தாயின் மலேரியா பிள்ளையின் பிற்கால நீரிழிவுக்கு ஒரு விதையாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். இது கருதுகோள்தான், அப்படியே வாசியுங்கோ. ஆனாலும் கணக்கைப் பாருங்கள்: 1935இல் தாயின் வயிற்றில் இருந்து பிழைத்த ஒருவருக்கு 1990இல் வயது 55. இலங்கையில் நீரிழிவு கூடுகிறது என்று வைத்தியர்கள் எழுதத் தொடங்கிய காலமும் ஏறத்தாழ அதுதான். ‘சாப்பாடு கூடினதால வந்த வருத்தம்’ என்று அந்த மனிதரைக் கண்டிப்பதற்கு முதல், அவருடைய அம்மா 1935இல் என்ன சாப்பிட்டார் என்று கேட்கலாம் அல்லவா?

மலேரியா இன்னொரு தடத்தையும் விட்டுப் போயிருக்கிறது, அது இரத்தத்தில். தலசீமியா மரபணுவை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவர்களுக்கு மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைக்கும். ஆயிரக்கணக்கான வருடங்களாக மலேரியா இருந்த இடங்களில் அந்த மரபணு தங்கி நின்றது. இலங்கையில் தலசீமியா அதிகமாகத் தெரிகிற மாவட்டங்களில் குருநாகல் முக்கியமானது. 1911இல் இலங்கையின் முதலாவது மலேரியாக் கட்டுப்பாட்டு வேலை தொடங்கிய இடமும் குருநாகல்தான். இன்றைக்குச் சீனியை மூன்று மாதச் சராசரியாகப் பார்க்க எச்.பி.ஏ.1.சி. என்ற சோதனை செய்கிறார்கள். சிவப்பணுவில் எவ்வளவு சீனி ஒட்டியிருக்கிறது என்று அளக்கிற சோதனை. தலசீமியா போன்ற குணங்கள் உள்ளவர்களின் சிவப்பணு வேறு மாதிரி, ஆகவே இந்தச் சோதனை அவர்களுக்குப் பிழையான எண்ணைக் காட்டக்கூடும். மலேரியா போன பிறகும் அதன் கை ஆய்வுகூடச் சீட்டில் இருக்கிறது.

இனி மலேரியா போன கதை. இதைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் பெருமையாக எல்லோரும் சொல்கிற பகுதி இது. 1946இல் டி.டி.ரி. தெளிப்பு தீவு முழுக்க விரிந்தது. அந்த ஆண்டு ஏறத்தாழ 28 இலட்சம் மலேரியாச் சம்பவங்கள். 1963இல் வெறும் 17. மொத்த இறப்பு வீதம் 1946இல் ஆயிரத்துக்கு 20 அளவில் இருந்து அடுத்த ஆண்டே 14 அளவுக்கு இறங்கியது. இதில் டி.டி.ரி.க்கு எவ்வளவு பங்கு, 1942இல் தொடங்கிய அரிசிக் கூப்பனுக்கும் கிராமிய ஆஸ்பத்திரிகளுக்கும் எவ்வளவு பங்கு என்று சனத்தொகை ஆய்வாளர்கள் 1960களிலும் 70களிலும் பெரிய சண்டையே பிடித்தார்கள். மீகம போன்றவர்கள் எல்லாப் புகழையும் மருந்துத் தூளுக்குக் கொடுக்க மறுத்தார்கள். எனக்கும் அந்தப் பக்கத்து வாதம் பிடிக்கும், 1935இன் பருப்பை வாசித்த பிறகு பிடிக்காமல் இருக்குமா? 17இல் நின்ற எண், கவனம் தளர்ந்ததும் 1960களின் கடைசியில் இலட்சக்கணக்காகத் திரும்பி வந்தது. டி.டி.ரி.க்கு நுளம்பு பழகிவிட்டது. மலத்தியோன் வந்தது, அதன் மணம் வன்னி ஆக்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும்.

பிறகு யுத்தம். 1999இல் 2,60,000க்கும் மேற்பட்ட சம்பவங்கள், அதில் பெரும் பங்கு வடக்குக் கிழக்கில். அந்தக் காலத்தில் ஒரு விடயம் நடந்தது. அதை நாங்கள் போதுமான அளவு பேசுவதில்லை. அரசாங்கத்தின் மலேரியாத் தடை இயக்க ஊழியர்கள் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள்ளும் வேலை செய்தார்கள், மருந்தடித்தார்கள், வலை கொடுத்தார்கள். இரண்டு தரப்பும் இதைத் தடுக்கவில்லை. எல்லாவற்றிலும் சண்டை பிடித்த இரண்டு அதிகாரங்கள் நுளம்பு விடயத்தில் ஒத்துப்போயின. 2012 ஒக்டோபரில் கடைசி உள்ளூர்ச் சம்பவம். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது.

அந்த வேலை எப்படி நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காய்ச்சல் என்றால் விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு இரத்தம். நோயாளி வரும் வரை காத்திருக்கவில்லை. நடமாடும் கிளினிக்குகள் காட்டோரக் கிராமங்களுக்குப் போயின. வீட்டுக்கு வீடு மருந்தடித்தார்கள். மருந்து இலவசம். உனக்கு ஏன் மலேரியா வந்தது, ஏன் நுளம்பைக் கடிக்க விட்டாய் என்று யாரும் ஆட்களைக் குற்றம் சொல்லவில்லை.

சீனிக்கு வாருங்கள். 1990களின் தொடக்கத்தில் செய்த ஆய்வுகளில் கிராமத்தில் 2.5 வீதம், நகரை அண்டிய இடத்தில் 5 வீதம் அளவில்தான் நீரிழிவு இருந்தது. 2005–06இல் நடந்த பெரிய தேசிய ஆய்வு 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 வீதம் என்று சொன்னது. நகரத்தில் 16.4, கிராமத்தில் 8.7. வருத்தம் இருந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு அது இருப்பதே தெரியாது. ‘தேசிய’ என்று சொன்னேன், ஆனால் அந்த ஆய்வு 9 மாகாணங்களில் 7இல்தான் நடந்தது. வடக்கும் கிழக்கும் யுத்தத்தால் விடுபட்டன. அதே ஆண்டுகளில் மலேரியாவுக்கு அதே வடக்குக் கிழக்கிலிருந்து ஒவ்வொரு இரத்தத் துண்டும் எண்ணப்பட்டுக்கொண்டு இருந்தது. நுளம்பின் எல்லைக்கு ஏற்ப வரைபடம் போட்ட அரசு, சீனிக்கு வரைபடம் போடும்போது எங்கட பக்கத்தை வெறுமையாக விட்டது. 2018–19 ஆய்வில் வந்த எண் 23 வீதம். கிட்டத்தட்ட நாலு பெரியவர்களில் ஒருவர்.

நாலில் ஒருவருக்கு வருகிற வருத்தத்தைப் பணக்கார வருத்தம் என்று இனியும் சொல்ல முடியாது. மூன்று நேரமும் கோதுமை மா ரொட்டியும் சீனி போட்ட சாயத் தண்ணியும் குடித்து மலை ஏறி இறங்கிக் கொழுந்து எடுக்கிறவருக்கு “நடவுங்கோ” என்று சொல்வதில் என்ன அர்த்தம்? இடம்பெயர்வு முகாம்களில் மாவும் சீனியும் பருப்பும் நிவாரணமாக வாங்கிச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இப்போது முப்பது, நாற்பது வயது. 2011 முதல் அரசாங்கம் நடுத்தர வயதினரைப் பரிசோதிக்க ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களைத் திறந்தது. நல்ல விடயம். ஆனால் அங்கே ஆண்கள் வருவது மிகக் குறைவு என்று திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. நாட்கூலிக்குப் போகிறவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, நோகாத ஒரு வருத்தத்தைத் தேடி வரிசையில் வந்து நிற்பாரா? மலேரியா காலத்தில் அரசு நடந்து வந்தது, சீனி காலத்தில் சனம் நடந்து போகச் சொல்லப்படுகிறது. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது அப்படி நடந்து போனவர்களுக்கும் சில வேளைகளில் வெறும் சீட்டுத்தான் கிடைத்தது.

இந்த இரண்டு வருத்தங்களும் இனிச் சந்திக்காது என்றும் இல்லை. கானாவின் குமாசி நகரத்தில் நடந்த ஓர் ஆய்வு 2010இல் வெளிவந்தது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு மலேரியா ஒட்டுண்ணி தொற்றியிருக்கும் வாய்ப்பு மற்றவர்களை விட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று அது கண்டது. சிவப்பணுவுக்குள் போன ஒட்டுண்ணி வாழ்வதே குளுக்கோசைத் தின்றுதான். கடுமையான மலேரியாவில் சீனி ஆபத்தாகக் கீழே இறங்கும், குயினைன் கொடுத்தால் அது இன்சுலினைத் தூண்டி இன்னும் இறக்கும். 1980களில் தாய்லாந்தில் இதை விளக்கமாக எழுதினார்கள். அதற்கு மேல் நோயாளி ஏற்கெனவே இன்சுலினோ சீனிக் குளிசையோ எடுக்கிறவர் என்றால், வார்டில் நிற்கிற வைத்தியரின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

எங்களுக்கு ஏன் இது என்று கேட்கலாம். 2016 கடைசியில், சான்றிதழ் கிடைத்து சில மாதங்களுக்குள், மன்னார் பேசாலையில் அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்ற புதிய நுளம்பைக் கண்டுபிடித்தார்கள். இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இதுதான். காட்டுக் குட்டை இதற்குத் தேவையில்லை. கிணறும் தண்ணீர்த் தாங்கியும் போதும். பிறகு யாழ்ப்பாணத்திலும் இது கண்டறியப்பட்டது. ஒவ்வொரு வளவிலும் கிணறு இருக்கிற குடாநாடு. இப்போது மலேரியாத் தடை இயக்க உத்தியோகத்தர்கள் நுளம்புக் குடம்பிகளைத் தின்கிற மீன்களைக் கிணறுகளில் விடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வருகிறவர்களின் விரலில் குத்திச் சோதிக்கிறார்கள். சீனி பார்ப்பதற்குக் குத்துவதும் அதே விரல் நுனியில்தான். கிணற்றை எட்டிப் பார்க்க படலையைத் திறந்து வருகிற அந்த உத்தியோகத்தரின் பையில் ஒரு குளுக்கோமீற்றரையும் வைத்து அனுப்பினால் என்ன?